இம்ப்ராவுக்கும் நடிப்புக்கும் புதியவரா? எதை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது

எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே காட்சியை உருவாக்கி நடிப்பதுதான் இம்ப்ராவ். அந்த வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏதாவது புத்தகம் சொல்லுங்களேன்.” பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் முப்பது தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியல். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் படிக்கும் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் ஐந்தாறு புத்தகங்களை ஒன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் முன்னுரையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை.

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் பயிற்சி அறையில் பிறந்தவை. ஒரு பக்கம் படித்து, எழுந்து நின்று செய்து பார்த்து, திரும்பி வந்து அதே பக்கத்தைப் படித்தால்தான் எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பது பிடிபடும். அதனால் கீழே இருப்பதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படியைச் செய்து பார்த்த பிறகு அடுத்ததற்குப் போனால் போதும். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

முதல் படி: ஒரே ஒரு அத்தியாயம்

கீத் ஜான்ஸ்டன் எழுதி 1979-இல் வந்த ‘இம்ப்ரோ’விலிருந்து தொடங்குங்கள். முழுப் புத்தகமும் இப்போது வேண்டாம். அந்தஸ்து பற்றிய அத்தியாயம் மட்டும் போதும்.

ஜான்ஸ்டன் லண்டனில் ராயல் கோர்ட் தியேட்டரில் வேலை பார்த்தவர். பிறகு கனடாவின் கேல்கரிக்குப் போய் லூஸ் மூஸ் தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டு அணிகள் மோதும் இம்ப்ராவ் போட்டியான ‘தியேட்டர்ஸ்போர்ட்ஸ்’ அவர் உருவாக்கியதுதான். 2023-இல் காலமானார். ராயல் கோர்ட்டில் அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. நடிகர்களைச் சாதாரணமாகப் பேசிக்கொள்ளச் சொன்னால் அது சாதாரணமாக வரவே வராது, நாடகத்தனமாகவே இருக்கும். நோக்கம், பின்னணி என்று என்ன சொல்லிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில், எதிரில் இருப்பவரைவிட உங்கள் அந்தஸ்தை இம்மியளவு மேலேயோ கீழேயோ வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான், காட்சிக்கு உயிர் வந்துவிட்டது.

இங்கே அந்தஸ்து என்பது பணமோ பதவியோ கிடையாது. அந்த நொடியில் ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் விதம். முதலாளியிடம் வேலைக்காரர் மேல் அந்தஸ்தில் நடந்துகொள்ளலாம். நகைச்சுவையில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இதை உடனே செய்து பார்க்கலாம். இரண்டு பேர், ஒரு பெஞ்சு, மூன்று வரி வசனம்:

“இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?”
“இல்ல, உக்காருங்க.”
“ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?”

இரண்டாவது வரியைச் சொல்பவர் பையை அவசரமாக மடிக்கு இழுத்துக்கொண்டு, முகத்தைத் தொட்டுக்கொண்டு, பாதி எழுந்தபடி சொல்லட்டும். அடுத்த முறை தலையை அசைக்காமல், நீளமாக ஒரு “ம்ம்ம்...” போட்டுவிட்டு, பையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதே வரியைச் சொல்லட்டும். வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் முதல் முறை வந்து உட்கார்பவர் அதிகாரி போலத் தெரிவார். இரண்டாவது முறை மனு கொடுக்க வந்தவர் போலத் தெரிவார். பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பது, பேச்சுக்கு முன்னால் வரும் இழுவை குட்டையா நீளமா என்பது எல்லாம் ஜான்ஸ்டன் அந்த அத்தியாயத்தில் கவனித்து எழுதியிருப்பவை. படித்த பிறகு ஒரு வாரத்துக்குப் போகும் இடமெல்லாம் வேடிக்கை பார்ப்பீர்கள். வங்கி வரிசையில், அலுவலகக் கூட்டத்தில், வீட்டில் அண்ணன் தம்பி பேச்சில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரம்தான் உண்மையான பயிற்சி.

அப்புறம் கதை சொல்லும் திறன் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். முன்னால் வந்த பொருளையும் ஆளையும் பின்னால் திரும்பக் கொண்டுவந்தாலே கதை முடிந்தது போன்ற நிறைவு வந்துவிடும் என்பது அதில் அவர் தரும் முக்கியமான கருவி. புதிதாகக் கண்டுபிடிக்கத் தவிக்கும் புதியவருக்கு இது பெரிய ஆறுதல். முகமூடியும் மயக்கநிலையும் பற்றிய கடைசி அத்தியாயம் படிக்கச் சுவாரசியமானது, ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: பயிற்சி அறையில் திறக்க வேண்டிய புத்தகம்

வயோலா ஸ்போலினின் ‘இம்ப்ரவைசேஷன் ஃபார் தி தியேட்டர்’ 1963-இல் வந்தது. சாய்வு நாற்காலியில் படித்தால் தூக்கம் வரும். இருநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் பயிற்சிகளும் அடங்கிய கையேடு அது. நாலு பேர் கூடும் இடத்தில், ஒருவர் கையில் திறந்திருக்க வேண்டிய புத்தகம்.

சிகாகோவில் நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளரிடம் விளையாட்டின் வழியாகக் கற்பிக்கும் முறையைக் கற்றவர் ஸ்போலின். அதையே நாடகத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் சிகாகோவின் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்று உலகெங்கும் இம்ப்ராவ் வகுப்புகளில் ஆடப்படும் விளையாட்டுகளில் பலவற்றின் வேர் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, ஆடுபவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

முதல் பயிற்சியை மட்டும் சொல்கிறேன். குழுவில் பாதிப் பேர் மேடையில் வரிசையாக நிற்க வேண்டும்; மீதிப் பேர் உட்கார்ந்து அவர்களைப் பார்க்க வேண்டும். செய்ய ஒன்றுமில்லை, சும்மா நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நிற்பவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். அந்த நிலை நன்றாக முற்றிய பிறகு அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்படும்: அறையில் கண்ணுக்குத் தெரியும் எதையாவது எண்ணுங்கள், இருக்கைகளையோ தரைப் பலகைகளையோ. எண்ணத் தொடங்கியதும் உடல் தளர்ந்துவிடும், நெளிதல் போய்விடும். மேடை பயத்துக்கு மருந்து தைரியம் என்று நினைத்திருந்தவருக்கு, மருந்து ஒரு வேலை என்பது உடம்பிலேயே புரிந்துவிடும். இதைப் பத்தியாகப் படிக்கும்போது “ஆமாம், சரிதான்” என்று தாண்டிவிடுவோம். நின்று பார்த்தவர் தாண்ட மாட்டார்.

இதன் முதல் அத்தியாயத்தில், பாராட்டுக்காகவும் திட்டுக்குப் பயந்தும் நடிப்பது எப்படி நம்மைக் கட்டிப்போடுகிறது என்று ஸ்போலின் எழுதியிருக்கும் சில பக்கங்கள் உண்டு. வகுப்பு நடத்தும் எண்ணம் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றபடி வாரத்துக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்து ஆடினால் போதும். ஆடி முடித்ததும் நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எங்கே சிக்கியது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டு எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்குப் பயன்படும்.

குழு பெரியதாக இருந்தால், அதிலும் நாடகப் பழக்கமே இல்லாதவர்கள் நிறைய இருந்தால், பிரேசில்காரரான அகஸ்தோ போவாலின் ‘கேம்ஸ் ஃபார் ஆக்டர்ஸ் அண்ட் நான்-ஆக்டர்ஸ்’ கை கொடுக்கும். ஒருவர் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு முன்னால் பிடிக்க, அந்தக் கை போகும் பக்கமெல்லாம் முகமும் போக வேண்டும் என்ற விளையாட்டைப் பலர் ஆடியிருப்பீர்கள். அது இவர் புத்தகத்தில் இருப்பதுதான்.

மூன்றாம் படி: நடிகருக்கான ஒன்று

இம்ப்ராவ் மட்டும் ஆடுகிறவர் பலர் இங்கே நின்றுவிடுவார்கள். நிற்காதீர்கள். நகைச்சுவையாகப் பேசத் தெரிந்து, மேடையில் ஒரு இடத்தில் இருக்கத் தெரியாதவர்கள் நிறைய. இல்லாத குவளையைக் காற்றில் எடுப்பார்கள், இரண்டு வரி பேசியதும் அதே கையை வீசுவார்கள். குவளை எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியாது.

இதற்கு என் சிபாரிசு யூட்டா ஹேகனின் ‘ரெஸ்பெக்ட் ஃபார் ஆக்டிங்’ (1973). ஹேகன் நியூயார்க்கில் எச்.பி. ஸ்டுடியோவில் பல பத்தாண்டுகள் கற்பித்தவர், பெரிய மேடை நடிகை. கைப்பொருள்களை வைத்துச் செய்யும் அவருடைய ‘ஆப்ஜெக்ட்’ பயிற்சிகளில் முதலாவது மிக எளிமையாகத் தெரியும்: நீங்கள் தனியாக இருக்கும் இரண்டு நிமிட வாழ்க்கையை அப்படியே திரும்பச் செய்து காட்ட வேண்டும். சாவியைத் தேடுவது, வெளியே கிளம்புவது, எதுவானாலும் சரி. செய்து பார்த்தால்தான் தெரியும், தினமும் செய்கிற காரியத்தின் வரிசைகூட நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்று. சாவியைத் தேடும்போது முதலில் கண் போகிறதா, கை போகிறதா? எந்த இடத்தில் சலிப்பு வருகிறது? மேடைக்குள் நுழையும் முன் அவர் கேட்கச் சொல்லும் மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இப்போதுதான் என்ன செய்துவிட்டு வந்தேன், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், முதலில் எனக்கு என்ன வேண்டும். இம்ப்ராவ் காட்சிக்கும் இதே மூன்றும் அப்படியே பொருந்தும். பார்வையாளர்கள் “மருத்துவமனை” என்று தலைப்புக் கொடுத்தால், உள்ளே ஓடிவந்து “டாக்டர்!” என்று கத்துவதற்குப் பதில், வாகனத்தை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிவிட்டு வந்தவராக நுழையலாம். ஹேகன் பின்னாளில் தன் கருத்துகளைத் திருத்தி 1991-இல் ‘எ சேலஞ்ஜ் ஃபார் தி ஆக்டர்’ எழுதினார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதுவானாலும் எடுங்கள்.

“ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறையையே வகுத்த ரஷ்ய இயக்குநரான அவர் ஒரே திட்டமாக நினைத்து எழுதியது ஆங்கிலத்தில் இரண்டு துண்டாக வந்தது. உள்மனப் பயிற்சி பற்றிய ‘ஆன் ஆக்டர் பிரிபேர்ஸ்’ 1936-இல் வந்தது. உடல், குரல், பேச்சு பற்றிய ‘பில்டிங் எ கேரக்டர்’ 1949-இல்தான் வந்தது. நடுவில் பதின்மூன்று வருடம். அந்த இடைவெளியில் முதல் புத்தகத்தை மட்டும் படித்தவர்கள், நடிப்பு என்றால் பழைய அழுகையைத் தோண்டி எடுப்பது என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்தத் தவறான எண்ணம் இன்றும் சில வகுப்புகளில் உலவுகிறது. 2008-இல் ஜீன் பெனடெட்டி இரண்டையும் சேர்த்து ‘ஆன் ஆக்டர்ஸ் ஒர்க்’ என்று புதிதாக மொழிபெயர்த்தார். தடிமனான புத்தகம். ஆனாலும் படித்தால் அதைத்தான் படிக்க வேண்டும். கோஸ்த்யா என்ற மாணவனின் நாட்குறிப்பு வடிவில் போவதால் நினைப்பதைவிடச் சுலபமாக நகரும். முதல் நாள் கண்ணாடி முன்னால் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி ஒத்தெல்லோவாகிவிட்டதாக நினைக்கும் கோஸ்த்யாவை எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

கேட்பதில் பலவீனமானவர்களுக்கு ‘சான்ஃபோர்ட் மைஸ்னர் ஆன் ஆக்டிங்’ (1987) தனி மருந்து. அமெரிக்க நடிப்பு ஆசிரியரான மைஸ்னரின் முக்கியப் பயிற்சி இதில் இருக்கிறது: ஒருவர் “உங்க சட்டை நீலமா இருக்கு” என்பார், மற்றவர் “என் சட்டை நீலமா இருக்கு” என்று திருப்பிச் சொல்வார், இதுவே போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவருக்கு, அடுத்து என்ன சொல்வது என்ற கவலை கழன்று, எதிராளியின் குரல் எந்த இடத்தில் மாறுகிறது என்பது கேட்கத் தொடங்கும்.

நான்காம் படி: ஒன்றோடொன்று சண்டை போடும் புத்தகங்கள்

இதற்குள் மேடையில் சில முறை ஏறியிருப்பீர்கள். மறுக்காதே, கேள்வி கேட்காதே, இல்லாத ஆளைப் பற்றிப் பேசாதே என்று விதிகளும் காதில் விழுந்திருக்கும். இப்போது அந்த விதிகள் எங்கிருந்து வந்தன, யார் அவற்றை மறுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் ‘ட்ரூத் இன் காமெடி’ (1994). டெல் க்ளோஸ், சார்னா ஹால்பர்ன், கிம் ஜான்சன் மூவரும் சேர்ந்து எழுதியது. மெல்லிய புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ‘ஹெரால்ட்’ என்ற நீண்ட இம்ப்ராவ் வடிவத்தின் எலும்புக்கூடு இதில் இருக்கிறது: ஒரே தலைப்பிலிருந்து பிறக்கும் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஜோக்கை விட்டுவிட்டு உண்மையாக நடந்துகொள், சிரிப்பு தானாக வரும் என்பது இதன் கட்சி.

அடுத்து, நியூயார்க்கின் அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட கையேடு. காட்சியின் ‘கேம்’ என்பதைப் பாடப்புத்தகம் போல விளக்குகிறது. முதலில் இயல்பான ஒரு சூழல்; அதில் முதலாவதாகத் தலைகாட்டும் வினோதம்; அது உண்மை என்றால் வேறு எதெல்லாம் உண்மை? கணக்குப் போல யோசிக்கிறவர்களுக்கு இது தித்திக்கும்.

இப்போது மறுபக்கம். சிகாகோவின் அனாயன்ஸ் தியேட்டரைச் சேர்ந்த மிக் நேப்பியர் எழுதிய ‘இம்ப்ரவைஸ்’ (2004) விதிகளையே கேலி செய்கிறது. மோசமான காட்சிகளில் அடிக்கடி தென்பட்டதை எல்லாம் யாரோ தொகுத்து “இதைச் செய்யாதே” என்று எழுதிவிட்டார்கள், அவற்றைத் தவிர்ப்பதால் மட்டும் நல்ல காட்சி வந்துவிடாது என்கிறார். முதலில் நீ ஏதாவது ஒன்றைச் செய், செய்ததைக் கைவிடாதே, அப்புறம் துணையைக் கவனி. பயந்து பயந்து மரியாதையாக ஆடிக்கொண்டிருக்கும் நடிகருக்கு இதைவிட நல்ல டானிக் கிடையாது. எடுத்த எடுப்பில் படிப்பவருக்கு இதுவே ஆபத்து. துணையின் பேச்சைக் கேட்காமல் இருக்க ஒரு சாக்காகிவிடும். அதனால்தான் நான்காம் படியில் வைக்கிறேன்.

டி.ஜே. ஜகோடோவ்ஸ்கியும் டேவிட் பாஸ்குவெசியும் பாம் விக்டருடன் சேர்ந்து எழுதிய ‘இம்ப்ரவைசேஷன் அட் தி ஸ்பீட் ஆஃப் லைஃப்’ (2015) இன்னொரு திசை. இருவரும் பார்வையாளர்களிடம் தலைப்பே கேட்காமல் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆடுபவர்கள். காட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் போய் அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்பார்கள். பிரிகேட் கையேட்டையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும். சுற்றட்டும். ஒரு வாரம் ஒருவர் சொன்னபடி ஆடுங்கள், மறுவாரம் மற்றவர் சொன்னபடி. எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

நடிப்புப் பக்கத்தில் இதே வேலையைச் செய்வது அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் மேமெட்டின் ‘ட்ரூ அண்ட் ஃபால்ஸ்’ (1997). ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வழிமுறை மொத்தமும் வீண், வசனத்தைத் தெளிவாகச் சொல்லி வேலையைப் பார் என்று அடித்துப் பேசும் நூல். பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஹேகனைப் படித்து முடித்தவர் இதோடு மல்லுக்கட்டிப் பார்ப்பது நல்லது.

தேவை வரும்போது மட்டும்

நடிகர் தேர்வு (ஆடிஷன்) வருகிறதா, மைக்கேல் ஷர்ட்லெஃபின் ‘ஆடிஷன்’ (1978). பன்னிரண்டு வழிகாட்டிக் குறிப்புகள். “இந்தக் காட்சியில் நான் எதற்காகப் போராடுகிறேன்” என்ற ஒன்றே பாதித் தேர்வுகளுக்குப் போதும். கேமரா முன்னால் நிற்கப் போகிறீர்களா, மைக்கேல் கெய்னின் ‘ஆக்டிங் இன் ஃபிலிம்’. குளோசப்பில் கண் சிமிட்டுவது பற்றி மட்டுமே யோசிக்க வைத்துவிடும். குரல் கட்டிக்கொள்கிறதா, சிசிலி பெரியின் ‘வாய்ஸ் அண்ட் தி ஆக்டர்’ அல்லது கிறிஸ்டின் லிங்க்லேட்டரின் ‘ஃப்ரீயிங் தி நேச்சுரல் வாய்ஸ்’. வலி இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கூடவே ஒரு பழைய நூல். உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நடிகர்கள் ஏன் இன்னும் கையில் எடுப்பதில்லை என்று தெரியவில்லை. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு களன், அதாவது அது பிறக்கும் காரணம். அச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. “பயப்படு” என்று ஒருவரிடம் சொன்னால் பொதுவாக நடுங்குவார். புலிக்குப் பயப்படுபவர் ஓடப் பார்ப்பார். திருடனுக்குப் பயப்படுபவர் மூச்சை அடக்கி நிற்பார். தன்னை ஆள்பவருக்குப் பயப்படுபவர் புன்னகைகூடச் செய்வார். நான்கையும் வசனமே இல்லாமல் செய்து பார்க்க ஒரு மாலை வேளை போதும். உரையோடு உள்ள பதிப்பாக எடுங்கள்.

நாடகப் பிரதிகளையும் விட்டுவிடாதீர்கள். ரஷ்ய நாடகாசிரியர் ஆன்டன் செக்காவின் ஒரு நாடகத்தை இரண்டு நண்பர்களோடு வாய்விட்டுப் படியுங்கள். நடிக்க வேண்டாம், படித்தாலே போதும். யாரும் மனதில் இருப்பதை நேராகச் சொல்லாமல் எப்படி மூன்று பக்கம் ஓடுகிறது என்று காதால் கேட்பது இம்ப்ராவ் ஆடுபவருக்கு நேரடிப் பாடம்.

புத்தகம் கைக்கு வருவதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள்

இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பவை. ஆங்கில வாசிப்பு தடுமாறினால் ஸ்போலினிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பயிற்சியும் சின்னச் சின்னக் கட்டளைகளாக இருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. ஜான்ஸ்டன் பேச்சு நடையில் எழுதுபவர், ஓரளவு பழகியவருக்குச் சுலபம். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை ஒருவராகப் படிப்பதைவிட, குழுவில் ஆளுக்கு ஒரு அத்தியாயம் படித்து வந்து சொல்வது நல்லது.

முதலில் நூலகத்தில் கேளுங்கள். சொந்தமாக வாங்குவதற்குத் தகுதியானவை இரண்டுதான்: ஸ்போலின், ஏனென்றால் வருடக்கணக்கில் புரட்டுவீர்கள், அப்புறம் ‘இம்ப்ரோ’, ஏனென்றால் இரவல் கொடுத்தால் திரும்பி வராது. ஸ்போலினின் பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், ஆடுவதற்கு அதுவே போதும்.

நிகழ்ச்சி நாளன்று மட்டும் எதையும் படிக்காதீர்கள். காலையில் படித்த பக்கம் மாலையில் மேடையில் உங்கள் காதுக்குள் பேசும், துணை சொல்வது கேட்காது. அன்றைக்கு நன்றாகத் தூங்குங்கள், குழுவோடு ஒரு விளையாட்டு ஆடுங்கள், உள்ளே போங்கள். நோட்டை மறுநாள் திறந்தால் போதும்.